அடிக்கணக்கு

ஆறாம் மாதம் அது.
தூங்கி எழுந்ததும் தர்ஷித்
இரண்டு கையையும் விரித்துத் தூக்கித்
தலையை முன்னால் போட்டான்.
விட்டு, மறுபடி.
விட்டு, மறுபடி.
நங்கையா சிரித்தார்கள்:
"பாரு கோகிலா, உன்ற பையன்
மலையப் பாத்துச் சாமி கும்பிடறான்."
சன்னலில் திருச்செங்கோட்டு மலை இருந்தது.
நானும் சிரித்தேன்.
அதைத்தான் இன்னும் என்னால்

மருந்துக்கடையில் ஓமத்தண்ணீர் தந்தார்கள்.
பக்கத்து ஆஸ்பத்திரியில் வாயு என்றார்கள்.
பயந்திருக்கும் என்று ஒருவர்
வேப்பிலை அடித்துத் திருநீறு வைத்தார்.
வாயுவுக்கு இத்தனை ஒழுங்கு உண்டா?
எட்டு நொடிக்கு ஒன்று.
ஒரு தடவைக்கு முப்பத்தி நாலு.
சிரிப்பை அவன் நிறுத்தி
எத்தனை நாள் ஆயிற்றென்று மட்டும் எண்ணவில்லை.
அது சொல்லிக்கொள்ளாமல் போயிருந்தது.

அவர் அப்போது ராய்ப்பூர்ப் பக்கம், ரிக் வண்டியில்.
வீடியோ அனுப்பினேன்.
இரவு பதினொன்றுக்குக் கூப்பிட்டார்,
பின்னால் கம்ப்ரசர் இரைச்சல்.
"எழுநூறு அடி போயிருச்சு. வெறும் புகைதான் வருது."
அப்புறம் ரொம்ப நேரம் இரைச்சல் மட்டும்.
அப்புறம்,
"நீ கோயமுத்தூர் போயிரு. நான் வந்தர்றன்."

தூங்கவிடாமல் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள்.
விடியாத பஸ்ஸில் உள்ளங்காலைச் சுண்டிக்கொண்டே வந்தேன்.
பெருந்துறை லைட்டப் பாரு சாமி,
விஜயமங்கலம் டோல்கேட்டப் பாரு,
அவினாசி பாரு, லாரி பாரு, எத்தாப்பெரிய லாரி.
எல்லாம் பார்த்தான்,
என் முகத்தைத் தவிர.

டாக்டரம்மா வீடியோவைச்
சத்தம் இல்லாமல் மூன்று தடவை பார்த்தார்.
தலையில் பசை வைத்து ஒயர் ஒட்டினார்கள்.
திரையில் கோழி கிளறிய குப்பைமேடு மாதிரிக் கோடுகள்.
"கேஸ் இல்லம்மா, வலிப்பு. இந்த வயசுக்குன்னே வர்றது.
இன்னிக்கே ஆரம்பிச்சர்லாம். நாளைக்குன்னு வேண்டாம்."
முன்னமே வந்திருந்தால் என்று நான் கேட்கவில்லை.
அவரும் சொல்லவில்லை.
ஃபேன் ஓடியது.

ஊசி மருந்து குளிரில் இருக்க வேண்டும்.
எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை.
முக்குக்கடை ரத்தினமணி அக்கா
தயிர் பாக்கெட்டை நகர்த்தி இடம் தந்தார்:
"கலர் பாட்டில் வெளிய கெடக்கட்டும் போ."

செங்கோட்டுவேல் வந்தார்,
முன்பணமும் செம்மண் அப்பிய சட்டையுமாக.
வார்டில் நாலு நாள் நர்ஸ் போட்டார்,
இவர் வராந்தாவில் சாத்துக்குடியில் பழகினார்.
ஐந்தாம் நாள் வீட்டில்,
இருபதடி இரும்பு ராடைத் தூக்கி மாட்டுகிற கை
ஒரு சாண் தொடைமுன் நடுங்கியது.
"நீ போடு."
"நீங்களே போடுங்க."
அவர் பிடிக்க, நான் அழுத்தினேன்.

ராவெல்லாம் பசி, ராவெல்லாம் அழுகை.
கன்னம் உப்பிக் கண் இடுங்கியது.
வாசலில் போகிறவர்கள்
"பையன் நல்லாத் தேறிட்டானுங்க" என்றார்கள்.
ஆமாங்க என்றேன்.

ரிக் வண்டி நோட்டு ஒன்று மிச்சம் இருந்தது.
அடி, கல், தண்ணி என்று மூன்று கட்டம்.
அடியில் நேரத்தை எழுதினேன், கல்லில் எண்ணிக்கையை.
தண்ணிக் கட்டத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை.

6.10 – 31
2.40 – 22
6.05 – 19
6.20 – 26
(அன்று சமைக்கவில்லை)
6.15 – 7

பதினேழாம் நாள் விடியற்காலை.
இரண்டு கையும் விரிந்து மேலே போயின.
அவர் பேனாவைத் திறந்தார்.
பையனின் வாய் கோணி, அகன்று,
இன்னும் அகன்று,
கண்ணோரம் ஈரம் கட்டி

கொட்டாவி.

அடுத்ததற்குக் காத்திருந்தோம்.
பால் வண்டி போனது.
மலை உச்சியில் வெயில் விழுந்தது.
அடுத்தது வரவில்லை.
இனி வராது என்று
யாரும் எழுதித் தரவும் இல்லை.

ஆறரைக்கு மேல் அவர் நோட்டை இழுத்து,
காலியாய்க் கிடந்த தண்ணிக் கட்டத்தில்
கோணல் எழுத்தில் எழுதினார்:
கொட்டாவி, 1.

பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு
அன்றைய ஊசியை எடுத்துவர
அக்கா கடைக்குப் போனார்.