படுத்த கோடு

சைன்ஷந்தில் இரவு இரண்டு பத்து.
அடுப்புக்குக் கரி போட வந்த ஓச்சிர்
மேசைத்தாளை எட்டிப் பார்க்கிறான்:
"இத்தனை மலைகளா?"

மலை இல்லை என்கிறாள் துல்மா.
மேலே போவது தூரம், வலப்பக்கம் நேரம்.
விறைத்து நிமிர்ந்தது விரைவு வண்டி.
சாய்ந்து சாய்ந்து வருவது நிலக்கரி.
இறங்கும் கோடு பள்ளத்தில் விழவில்லை,
உலான்பாத்தருக்குத் திரும்புகிறது.

ஒற்றைத் தண்டவாளம்.
இரு கோடுகள் வெட்டிக்கொள்ளலாம்,
நிலையம் உள்ள இடத்தில் மட்டும்.
வேறெங்கும் வெட்டினால்
அந்தப் புள்ளிக்குப் பெயர் வேறு.
அவள் அழிரப்பர் பாதியானது அதனால்தான்.

இரண்டு பதினான்கு.
471ஆம் கிலோமீட்டர், நிலையமில்லாப் பாலை.
சரக்கு வண்டி நின்றுவிட்டது.

எதிர்வண்டியை முன் நிலையத்திலேயே பிடித்து வைத்தாள்.
பென்சில் படுக்கையாய் நகர்கிறது,
நிமிடத்துக்கு ஒரு மில்லிமீட்டர்.
தூரம் அசையவில்லை,
நேரம் மட்டும் சீட்டில்லாமல் பயணம் போகிறது.

ஓட்டுநர் பெயரை அவள் சொல்வதில்லை.
அவன் கோப்பை அவள் வீட்டில்
கவிழ்த்து வைத்திருக்கிறது.

பதினேழு மில்லிமீட்டர்.
ரேடியோ இருமுகிறது: "ஒட்டகங்கள். போய்விட்டன."

கோடு தலை தூக்குகிறது.
"இப்ப மலை ஏறுதா?" என்கிறான் ஓச்சிர்.
"ஏறுது" என்கிறாள்,
திருத்தாமல்.