நான்காம் தாள்

வேலந்தாவளத்தில் இரவு பதினொன்றுக்கு மேல்
லாரிகள் இடைவெளி விட்டு வரும்.
அந்த இடைவெளிகளில்தான் என் களப்பணி.
தொலைதூரக் கல்வி, மானுடவியல், நான்காம் தாள்:
ஏதேனும் ஓர் இணைய உலகில் ஆறு வாரம் வசித்து
அங்குள்ளோர் வழக்கங்களை எழுதுக.

எடைமேடை அறையின் மேற்கு ஜன்னலில்
போன் மலையாளத்தில் வரவேற்கும்,
நாற்காலியைக் கிழக்கே இழுத்தால் தமிழில்.
சிக்னல் மேற்கில்தான் நிற்கும்.
அங்கே உட்கார்ந்து உள்ளே போவேன்.

முதல் வாரம் நடக்கத் தெரியாமல்
ஒரு சுவரில் முட்டியபடி
கால்களை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தேன்.
கருங்குருவி என்று பேர் வைத்த ஒருவன்
என்னுடையதைப் போலவே ஓட்டை ஆங்கிலத்தில்
'எஸ் அழுத்து, உட்காரலாம்' என்றான்.

நோட்டில் எழுதினேன்:
வணக்கத்துக்கு இரண்டு முறை குதிக்கிறார்கள்.
எந்த ஊர் என்று கேட்பது
ஜாதி கேட்பதைப் போல.
(கேட்டேன். மூன்று பேர் மறைந்துபோனார்கள்.)
கருங்குருவி: அநேகமாக பிரேசில்.

நடுவில் ஹாரன். டைல்ஸ் லோடு.
காலி வண்டி கழித்து நிகர எடைக்குச் சீட்டு.
திரும்பி வந்தால் கடலோரம்
தலை தொங்கிப்போய் நிற்கிறது என் உருவம்,
கையைத் தொடாவிட்டால் அப்படித்தான் ஆகும்.
பக்கத்தில் ஒரு குடை வைத்துவிட்டுப் போயிருந்தான்.
அந்த உலகில் மழையே கிடையாது.

ஐந்தாம் வாரம் அவனைக் காணோம்.
ஆறாம் வாரம் வந்தான்.
எல்லோரும் இரண்டு முறை குதித்தோம்.
அவன் குதிக்கவில்லை.
ஆங்கில எழுத்தில் தமிழ் ஒன்று
விட்டு விட்டு அவன் தலைக்கு மேல் எழுந்தது:
நான் அவன் தங்கச்சி.
அண்ணன் பேர் ஆரோக்கிய சிரில்.
கொழிஞ்சாம்பாறை. டைல்ஸ் ஒட்டுற வேலை.
செவ்வாய்க்கிழமை அடக்கம் பண்ணியாச்சு.

நாற்பது பேருக்கு அது புரியவில்லை.
ஒருவர் கைதட்டினார், வரவேற்பு என்று நினைத்து.
நான்தான் மொழிபெயர்த்தேன்.
கவனிப்பவர் தலையிடக் கூடாது என்று
பாடப்புத்தகத்தில் இருக்கிறது, பக்கம் ஞாபகமில்லை.

அழுவதற்கு அங்கே பொத்தான் இல்லை.
ஆடலாம், கைதட்டலாம், குதிக்கலாம்.
யாரோ எஸ் அழுத்தினார்.
பிறகு இன்னொருவர்.
மணல் முழுக்க உட்கார்ந்திருந்தோம்,
எடையே இல்லாத நாற்பத்தொரு பேர்.

கொழிஞ்சாம்பாறைக்கு இங்கிருந்து
பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாது.
நோட்டில் பிரேசிலை அடித்தேன்.
மேலே எதுவும் எழுதவில்லை.

மணி மூன்று. எல்லோரும் போய்விட்டார்கள்.
தங்கச்சிக்கு வெளியேறத் தெரியவில்லை போல,
போனை அப்படியே வைத்துவிட்டாள்.
தலை தொங்கிப்போய் நிற்கிறான் கருங்குருவி.
குடை அங்கேயேதான் கிடக்கிறது.
அதை எடுத்துப் பிடிக்க எந்தப் பொத்தான்
என்று அவனைத்தான் கேட்க வேண்டும்.

ஹாரன்.
காலி வண்டிதான், போட்டுவிடு என்கிறான் டிரைவர்.