பதினைந்து மதிப்பெண்

மாலை ஐந்தரைக்கு வகுப்பு.
மூன்றாம் மாடி, கீழே செருப்பு மொத்த வியாபாரம்.
லிஃப்ட் ஏறுவதை நிறுத்தி வருஷமாகிறது.
படியேறி வந்து மூச்சு வாங்குகிறவள் நான் ஒருத்திதான்;
மற்றவர்களுக்கெல்லாம் பத்தொன்பது, இருபது.
முதல் நாள் என்னை ஆசிரியை என்று நினைத்து
எழுந்து நின்றான் லுயாண்டா.
அதற்காகவே அவனைப் பிடித்துப்போயிற்று.

வணிக நிர்வாகம், முதலாண்டு.
பாடம் எடுப்பவர் திருமதி ஜாலி.
பெயரில் மட்டும்தான்.
பலகையில் நான்கு கட்டம் கிழித்து
வலிமை, பலவீனம், வாய்ப்பு, ஆபத்து
நிரப்புங்கள் என்பார்.
என் நோட்டில் மூன்றாம் கட்டம்
மணியடிக்கும்வரை வெள்ளையாகவே கிடக்கும்.

போன செவ்வாய் ஒரு நகல் தாள் கொடுத்தார்.
'நிறுவனம் க.' ஆயத்த ஆடை. டர்பன் தெற்கு.
இருநூற்றுப் பன்னிரண்டு தையல் இயந்திரங்கள்.
இறக்குமதிச் சட்டை பாதி விலைக்கு
துறைமுகத்தில் வந்திறங்கிய ஆண்டில்,
ஒரு வெள்ளிக்கிழமை, மூடப்பட்டது.
நிர்வாகத்தின் முடிவு சரியா? விவாதி.
பதினைந்து மதிப்பெண். தேர்ச்சிக்கு ஏழரை.
ஏழரையை ஏற்கெனவே முடித்தவள்தானே
என்று எடுத்தேன் பேனாவை.

பெயர் போடவில்லை தாளில்.
இருநூற்றுப் பன்னிரண்டு என்றதும்
எனக்குப் பெயர் எதற்கு?
நூற்று நாற்பத்தாறு என்னுடையது.
காலர் வரிசை, ஜன்னலிலிருந்து மூன்றாவது.
மழை நாளில் பெடல் சற்று ஒட்டும்.
பதினேழு வருஷம் காலர் தைத்தேன்;
கழுத்தை அறுப்பதற்கும் ஒரு பாடத்திட்டம் உண்டென்று
இங்கே வந்துதான் தெரிந்தது.

அப்புறம், அது வெள்ளிக்கிழமை இல்லை.
வியாழன்.
மாலை சங்கு ஊதியது, நாளைக்குப் பார்ப்போம் என்று போனோம்.
வெள்ளியன்று வாயிலில் பூட்டு மட்டும்தான் வேலைக்கு வந்திருந்தது.
பதூமாவின் மூக்குக் கண்ணாடி உள்ளே.
ஒன்பது நாள் கழித்து
காவல்காரன் வேலிக்கு மேலாக நீட்டினான்,
ரொட்டிப் பையில் சுற்றி.

குழுவாகச் செய்யவேண்டிய பயிற்சி.
தாண்டேகா கணக்கில் புலி:
"சட்டைக்குப் பதினெட்டு ரேண்ட் நட்டம், அம்மா.
மூடாமல் என்ன செய்வார்கள்?"
வீட்டில் மின்சாரம் போன இரண்டு மணி நேரம்
மெழுகுவர்த்தி வைத்துத் திரும்பத் திரும்பக் கூட்டினேன்.
நூல், துணி, பித்தான், வாடகை, எங்கள் கூலி.
எங்காவது ஒரு திருட்டு அகப்படும் என்று
விரல் வைத்துத் தேடினேன்.
இத்தனை வருஷம் அவரைத் திட்டியதெல்லாம்
அந்த ஒரு வரியை நம்பித்தான்.
அகப்படவில்லை.
பதினெட்டு ரேண்ட்.
சில்லறை கூடப் பிசகவில்லை.

எழுதினேன்:
மூடியது சரி.
வியாழனன்று சொல்லாதது தவறு.
இரண்டுக்கும் நடுவில் ஒன்றரைப் பக்கம்,
திருமதி ஜாலி சொல்லித்தந்த
தலைப்பு, உபதலைப்பு எல்லாம் போட்டு.

தாள் திரும்பி வந்தது. ஒன்பது.
ஓரத்தில் சிவப்பு மையில்:
'வியாழன் என்பதற்குச் சான்று எங்கே?
மேற்கோள் முறைப்படி தருக.'

முறை தெரியும். மூன்றாம் வாரப் பாடம்.
குடும்பப் பெயர் முதலில், பிறகு முதலெழுத்து.
கவுண்டன், கோ.
காலர் வரிசை, இயந்திரம் நூற்று நாற்பத்தாறு.
வெளியிடப்படாதது.

அவர் படித்தார்.
கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார்.
ஒன்பதின் பக்கத்தில் ஓர் அரை சேர்த்தார்.
வாயைத் திறக்கவில்லை.
நானும் பேரம் பேசவில்லை.

சாட்ஸ்வொர்த் டாக்ஸியில் எப்போதும்போல நெரிசல்.
முன் இருக்கைக்காரனின் காலர்
என் கண்ணுக்கு நேரே.
இறக்குமதிதான், பார்த்தாலே தெரியும்.
பாலம் தாண்டும்வரை
ஒவ்வொரு தெருவிளக்கு வெளிச்சத்திலும்
குனிந்து பார்த்தேன்.

தையல் நேராகத்தான் இருந்தது.