சாயம் போகாது

இரண்டாம் குறுக்குத் தெரு, மூன்றாம் மாடி.
இரவு எட்டு பத்து. நானூற்றுப் பன்னிரண்டு பேர் பார்க்கினம்.
"சாயம் போகாது. போனா காசு வாபஸ்."
ஃபஸ்லியா ராத்தா இந்த வசனத்தைக்
கிழமைக்கு அறுபது தரமாவது சொல்லுவா.
இன்றைக்குத்தான் யாரோ ஹட்டனில் இருந்து
கழுவிக் காட்டச் சொன்னது.

என் வேலை: வெளிச்சத்தைப் பிடிப்பது,
"கீயத" என்று கேட்பவர்களுக்கு விலை தட்டுவது,
கூடாத கொமென்ட்டுகளை
வெளியே வர விடாமல் விரலால் அமத்துவது.

மஞ்சள் பேசின். குழாய்த் தண்ணீர்.
சிவப்புச் சல்வாரை முக்கினா.
தண்ணீர் முதலில் ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு பீட்ரூட் கறி மாதிரி ஒரு நிறம்
ஓரத்தில் கிளம்பி
அவவின் மணிக்கட்டு வரைக்கும் ஏறியது.

கரண்ட் போனபோது
போன் டோர்ச்சில் ஏழு அபாயா விற்றவ.
பொம்மையின் கை கழன்று விழுந்தபோது
"விலையைக் கேட்டு மயங்கிட்டா" என்றவ.
கரப்பான் வந்தபோது
சிரித்த முகம் சிரித்தபடி இருக்க
காலால் மட்டும் அடித்தவ.

இப்போது வாய் திறக்கவில்லை.
நான்கு வினாடி.
லைவில் அது, கடலோர ரயில் ஒன்று
கடைசிப் பெட்டிவரை கடந்துபோகும் நீளம்.
நெட்வேர்க் போனமாதிரி அணைக்கவா
என்று கண்ணால் கேட்டேன்.
முன்பு இரண்டு தரம் அணைத்திருக்கிறோம்.

"போகுது," என்றா. "பாருங்க, நல்லாத்தான் போகுது."
சிவந்த கையைக் கமராவுக்குக் கிட்டக் கொண்டுவந்தா.
"மருதோன்றி இனாம்."
சிரிப்பு முகங்கள் மேலே மிதந்தன.
பிறகு, மைக்கை மூடாமல், என்னிடம்:
"கல்முனையில இருந்து ஒருத்தி எழுதினது எங்க? வாசி."

மறைத்தது நான். மறைக்கச் சொன்னது அவ.
வாசித்தேன்:
பெருநாளைக்கு எடுத்த சிவப்பு.
மகள்ட வெள்ளை ஷோலும் சேர்ந்து போச்சு.
மூணு தரம் எழுதிட்டேன்.

"பேரையும் வாசி."
சித்தி றிஸ்மினா.

மற்றப் போனில் மொத்தக்கடை முதலாளி.
துடித்தது, ஓய்ந்தது, துடித்தது.
மூலையில் முப்பத்தெட்டுச் சிவப்பு, பொலித்தீனோடு.
முந்நூறு பேர். இருநூற்றுத் தொண்ணூறு.

"அடுத்தது இந்த நீலம்."
விலை சொன்னா, அளவு சொன்னா.
வாய்வரைக்கும் வந்த வசனத்தை விழுங்கியது
எனக்கு மட்டும் தெரிந்தது.
"கழுவிக் காட்டுங்க" என்று ஹட்டன், மறுபடியும்.

தண்ணீர் மாற்ற எழும்பினேன்.
கையிலிருந்த வெளிச்சம் கூரைக்குப் போனது;
கொஞ்ச நேரம் ராத்தா
இருட்டில் தனியாக விற்றுக்கொண்டிருந்தா.