பதினேழாம் எண்

ஒப்புதல் படிவத்தில் மூன்றாம் பத்தி:
"இந்தச் சோதனையால் உங்களுக்கு
நேரடிப் பயன் எதுவும் இல்லை."
அதை எப்போதும் கொஞ்சம் வேகமாகவே வாசிப்பேன்.
கோகிலவாணி நிறுத்தினாள்.
"இன்னொருக்கா சொல்லுங்."
சொன்னேன்.
"செரி, அப்பப் பயமில்ல" என்று
கையெழுத்துப் போட்டாள்.

பள்ளிபாளையம். மாடியறை.
ஒன்பது வருசமாய்
கல்யாணப் பந்தியில், ரேஷன் வரிசையில்
"ஏதாச்சும் விசேசமுங்களா" என்று கேட்கப்பட்ட வயிறு
காகிதம் விரித்த கட்டிலில்
மூச்சடக்கிக் கிடந்தது.

ஸ்கேன் தடிமனைச் சொல்லும்: ஒன்பது மில்லிமீட்டர்.
ஈரமா காய்ச்சலா என்று சொல்லாது.
வாய்க்காலில் ஓடுவதை மதகில் நின்றே அளக்கலாம்;
கடைசிப் பாத்திக்கு ஏறியதா என்று
ஆள் இறங்கித்தான் பார்க்கவேண்டும்.
எங்கள் ஆள் ஒரு கண்ணாடி இழை.
"ரெட்டை முறுக்கு நூலாட்ட இருக்குதுங்" என்றாள்.
நுனியில் சிவப்பு வெளிச்சம்.
கருப்பையின் உட்சுவரைத் தொட்டு நின்று,
ஓடும் அணுக்கள்மேல் பட்டுத் திரும்பும் ஒளியை எண்ணும்.
முன்சுவர், பின்சுவர், மேல்முகடு.
இடத்துக்கு ஐந்து நிமிடம்.
பேசக்கூடாது, இருமக்கூடாது.
பிறகு ரஹ்மத்நிஷா வருவாள்,
என் எண்ணைப் பார்க்காமல்
மறுபடி முதலிலிருந்து.

அதுவரை பதினாறு பேர்.
ஒருவருக்கும் எங்கள் எண்கள் சேரவில்லை.
கோட்டில் இரண்டு துடிப்பு வந்தது.
ஒன்று இதயம். மற்றது
கருப்பையின் சொந்தத் தாளம் என்று
டாக்டர் சுசீந்திரா நம்பினார்.
அதற்கு ஒரு பெயர்கூட யோசித்து வைத்திருந்தார்.

கோகிலவாணி தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தாள்.
பேசக்கூடாதே;
கட்டில் கம்பியில் விரலால் தட்டினாள்,
ஒரு தட்டும் பிசகாமல்.
இழையை எடுத்தபின் சொன்னாள்:
"பெருசு மட்டுந்தான் என்ற ரத்தமுங்.
சின்னது பின்னால சந்துல ஓடற தறிங்.
நிமிசத்துக்கு நூத்திப் பதினெட்டு.
பதினோரு வருசம் ஓட்டுறேன், தெரியாதுங்களா?"

டாக்டர் நோட்டைத் திறந்து
அந்தப் பெயரின் மேல் கோடிழுத்தார்.
யாரும் சிரிக்கவில்லை.

மாதாந்திர மின்நிறுத்தம், ஒன்பது முதல் மூன்று வரை.
அவள் நாளும் அந்த நாளும்
ஒன்றாய் வந்து விழ மூன்று மாதம் ஆனது.
தறி நின்ற ஊர்
காது அடைத்துக்கொண்டதுபோல் இருந்தது.
கருவி பேட்டரியில் ஓடியது.
கைபேசி வெளிச்சத்தில் நான் எழுதினேன்.
ஒரே ஒரு துடிப்பு.
மேல்முகட்டில் சற்றே தயங்கி,
நின்றுவிடாமல்.
என் எண் முப்பத்தொன்று.
நிஷாவின் எண் முப்பது.

நல்லதா என்று கேட்டாள்.
தெரியாது என்றேன்.
அளக்க முடிகிறது,
அவ்வளவுதான் எங்களுக்கு இப்போது தெரியும்.
"தெரியலீன்னு சொல்ற ஆளை
இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றாள்.

காகிதச் சுருள் ஒன்று வேண்டுமாம்.
சுத்தமானதைக் கிழித்து நீட்டினேன்.
"அது வேண்டாமுங்,
அன்னைக்குக் கெட்டுப்போனதைக் குடுங்கொ."
தறியும் ரத்தமும் சேர்ந்து ஓடிய சாணகலக் காகிதம்.
நாலாய் மடித்துச் சோத்துப் பைக்குள்
டப்பாவுக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

மூன்றுக்குக் கரண்ட் வந்தது.
சந்து சந்தாய்த் தறி எழும்பியது.
அப்போதுதான் பதினெட்டாம் எண்
படியேறி வந்தாள்; பஸ் சங்ககிரியில் நின்றுவிட்டதாம்.
அவளை உட்காரவைத்துவிட்டு
அடுத்த மின்நிறுத்தம் என்றைக்கென்று கேட்க
ஈ.பி. ஆபீசுக்குப் போன் போட்டேன்.
மணி அடித்துக்கொண்டே இருந்தது.