ஏழு மெய்

சபேலே நகரத்தில் சனிக்கிழமை மூன்று மணி.
மர ஆலைச் சாலையில், பழைய கிளப்பின் மாடியில்,
பன்னிரண்டு பலகைகள்.
மின்சாரம் போனது. ஒருவரும் தலை தூக்கவில்லை.

தோபோரே பைக்குள் கைவிட்டு எடுத்தான்.
எச். எம். டி. மறுபடியும் எச்.
ஆர். எஸ். கடைசியில் ஒய்.
ஏழும் மெய்.
ஓர் உயிர் இல்லை.

தமிழாக இருந்தால்
தலைக்கொரு புள்ளி வைத்து அனுப்பியிருப்போம்.
இங்கே மூலையில் ஒரு சின்ன எண்:
நான்கு, மூன்று, ஒன்று.
அதையும் புள்ளி என்றுதான் சொல்கிறோம்.

எதிரே மிதைரே. பெட்ரோல் பங்க் கேஷியர்.
நோட்டு எண்ணும் விரல்களால்
அவன் நேரத்தை எண்ணிக்கொண்டிருந்தாள்.

மெய்களோடு இருப்பது அவனுக்குப் புதிதல்ல.
அரசு மருத்துவமனைப் பிணவறையில்
ஆறு வருடமாக இரவு வேலை.
கால் விரலில் கட்டும் சீட்டு வீணாய்ப் போனால்
அதன் முதுகில் சொல் எழுதிப் படிப்பான்.
ஒரு பக்கம் எழுத்துகள், அகர வரிசையில், அப்பாவியாக.
மறுபக்கம் அவற்றுக்குள் பதுங்கியிருக்கும் சொல்.
பொருள் எழுத இடம் இல்லை,
நூல் கோக்கும் துளை வேறு அடைத்துக்கொள்கிறது.

சி, டபிள்யூ, எம்: 'கூம்' செல்லும் என்று தெரியும்.
எங்கோ ஒரு மலைச்சரிவின் பள்ளம் அது.
ஆற்று முகத்துவாரத்தில், தட்டையான மண்ணில் பிறந்தவன்
பள்ளத்தை வைத்து என்ன செய்ய?
'க்ரூத்' ஒரு நரம்பு வாத்தியம் என்றார் ஒருவர்.
"இருக்கட்டும், அதன் பன்மை செல்லுமா?" என்று கேட்டான்.

உயிர் இல்லாமல் பிழைக்கும் சொற்கள்
அந்த மொழியில் ஒரு கைப்பிடிதான்.
குளிருக்கு ப்ர்ர்.
சந்தேகத்துக்கு ஹ்ம்ம்.
மறைவிலிருந்து அழைக்க ப்ஸ்ஸ்ட்.
யாரையும் எழுப்பாதே என்பதற்கு ஷ்ஷ்.
அவன் வேலை பார்க்கும் அறையில்
இவை போதும், முழு உரையாடலும் நடத்திவிடலாம்.

ஒய்யை எடுத்தான், முன்னால் வைத்தான், பின்னால் வைத்தான்.
மெய்யாய்ப் பிறந்து
ஆள் வராத நாளில் உயிராய் நிற்கும் எழுத்து.
'மித்ஸ்' கண்ணில் பட்டது. இறக்கினான்.
கட்டுக்கதைகள். முப்பத்திரண்டு புள்ளி.
எச்சும் ஆரும் சட்டத்தில் மிச்சம்,
பேருந்தைத் தவறவிட்ட இரண்டு பேர் மாதிரி.

ஒன்பது புள்ளியில் தோற்றான்.
மிதைரே கை குலுக்கினாள். நெல் அவிக்கும் வெயில்.
அவள் பங்குக்கும் அவன் பிணவறைக்கும் போனார்கள்.

இரவு இரண்டரை.
ஜெனரேட்டர் இருமியது, நின்றது.
அந்த மௌனத்தில் பனிக்கட்டிகூட மூச்சைப் பிடித்துக்கொண்டது.
அவன் ஓடிப்போய்க் கயிற்றை இழுத்தான்,
மூன்றாம் இழுப்பில் பிடித்தது:
தடதட, தட. தடதட, தட.
நடுங்கும் இரும்பின் மேல் கை வைத்தபடி நிற்கையில்
மதியத்து எழுத்துகள் ஏழும்
யாரும் கூப்பிடாமலே வந்து வரிசையில் நின்றன.

ரிதம்ஸ்.

எச்சுக்கும் இடம் இருந்தது. ஆர்தான் முதல் ஆள்.
சட்டைப் பையில் துழாவினால்
அதே சீட்டு, அவன் கையெழுத்திலேயே,
செவ்வாய்க்கிழமை மனப்பாடம் செய்தது.

மிதைரேவுக்கு அனுப்பினான், ஒரே சொல்.
பதில் உடனே வந்தது:
"தொண்ணூற்று நான்கு. தூங்கு."
அவளும் தூங்கவில்லை.

சிரித்து முடிக்கும் முன் வாசலில் வண்டி விளக்கு.
உள்ளே கொண்டுவந்தார்கள்.
அண்ணன் போல ஒருவன், சட்டையில் எண்ணெய்க் கறை,
பெயரைச் சொன்னான்: ஒனோரியோடே.
எழுத்துக்கூட்டவும் செய்தான், மெதுவாக,
ஒவ்வொன்றுக்கும் இடையில் எச்சில் விழுங்கி.
எட்டு எழுத்து.
அதில் ஐந்து உயிர்.

எந்தப் பெயரைக் கண்டாலும்
கண் தானாகக் கலைத்துப் பார்க்கும், உள்ளே என்ன சொல் என்று.
ஆறு வருடப் பழக்கம்.

புதுச் சீட்டு ஒன்றை எடுத்தான்.
அவன் சொன்ன வரிசையிலேயே எழுதினான்,
ஓர் எழுத்தையும் நகர்த்தாமல்.