தற்காலிகம்

படிவத்தில் பெயர் இல்லை. கூண்டு எண் பதினேழு.
சிறுநீரகம் இரண்டும் பழுது. வயது ஒன்பது இருக்கலாம்.
'எத்தனை நாள் வைத்திருப்பீர்கள்?' என்ற கட்டத்தில்
எல்சிரா ஒரு கோடு கிழித்தாள்.

புந்தா அரேனாஸில் காற்று ஆளையே தள்ளும்,
நாயைச் சுருட்டிக்கொண்டு போயிருக்கும்.
போர்வைக்குள் தூக்கி வந்தாள்,
நனைந்த கோட்டைவிடக் கனம் குறைவு.

கோட்டு மாட்டும் கொக்கியில் இப்போது உப்புநீர்ப் பை.
குளிர்ந்த நீர் ஏறினால் நடுங்குகிறதென்று
முதலில் தன் அக்குளில் இடுக்கிச் சூடாக்குகிறாள்,
நண்டு ஆலையின் வாடை போகாத அக்குள்.
ஊசி தோலுக்குள் இறங்கும் நொடியில்
அவள் கண் மூடிக்கொள்கிறது.
நாய் பார்த்துக்கொண்டிருக்கிறது.

"பேர் வைக்காதே" என்றான் மேல்மாடி ஒஸ்வால்தோ.
"வைத்தால் அப்புறம் போகாது."
எது போகாது என்று அவள் கேட்கவில்லை.

கோழிச்சாறு, குழைந்த சோறு, மருத்துவர் தந்த டப்பா,
நான்கு நாளும் முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்தது.
ஐந்தாம் நாள் விடியலில், வேலை முடிந்து வந்து பார்த்தால்
இடது கையுறையில் கட்டைவிரல் இல்லை.

தின்றிருக்கிறது.

சப்பாத்தைக்கூடக் கழற்றாமல்
தரையில் உட்கார்ந்து சிரித்தாள்,
திட்டினாள், மறுபடி சிரித்தாள்.
திட்டுவதற்கு ஒரு பேர் வேண்டியிருந்தது.